சார்லி மரியானோவின் நாகசுரம்: மின்னிசைக்கு நடுவே ஒரு நாயனம்

கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் நாகசுரத்தை அந்தப் பெயரால் சொல்பவர்கள் குறைவு. காமயகவுண்டன்பட்டியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அது ‘நாயனம்’தான். சாமி புறப்பாட்டில், கல்யாண வீட்டில், முளைப்பாரி ஊர்வலத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் ஓசை அது. இதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அது திறந்தவெளிக்கு உரியது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1970களில் ஐரோப்பாவில் வெளியான சில ஜாஸ் இசைத்தட்டுகளின் உறையில் சாக்சபோன், சிந்தசைசர், மின் பாஸ் ஆகியவற்றுக்கு நடுவே ‘நாகசுரம்’ என்ற பெயரும் அச்சாகியிருக்கிறது. அதை வாசித்தவர் தஞ்சாவூர்க்காரர் அல்லர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ. ஜாஸ் மனோதர்மத்தையும் மின்னிசையையும் பிற நாட்டு இசைகளையும் ஒன்றாக இணைத்தவர் என்று அவரைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டு பொய்யில்லை. ஆனால், அந்த இணைப்பில் நாயனத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அதிகம் கேட்கப்படவில்லை. தமிழ் வாசகர்களுக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

சாக்சபோனிலிருந்து சீவாளிக்கு

மரியானோ 1923-இல் பிறந்தார். அவருடைய இளமைக்காலத்தில் ஆல்டோ சாக்சபோன் எடுத்தவர்கள் எல்லோரையும் போல அவரும் சார்லி பார்க்கரின் பிடியில் இருந்தார். 1950களில் ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் வாசித்தார். ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து அவருடன் சேர்ந்து குழு நடத்தினார். 1963-இல் சார்லஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ தட்டில் அவருடைய ஆல்டோ, அழுகையின் விளிம்பில் நின்று ஒலிக்கிறது. இன்றும் ஜாஸ் ரசிகர்கள் அவரை முதலில் நினைப்பது அந்தத் தட்டுக்காகத்தான்.

1960களின் பிற்பகுதியில் வேலை நிமித்தம் மலேசியா சென்றார். அங்குதான் நாகசுரம் அவர் காதில் விழுந்தது. தோட்டத் தொழிலுக்குக் கடல் கடந்துபோன தமிழர்கள் தம்முடன் கோயிலையும் மேளத்தையும் கொண்டுபோயிருந்தனர். ஒரு பாஸ்டன்காரருக்கு நாயனம் அறிமுகமானது காவிரிக்கரையில் அல்ல, மலேசியத் தமிழர்களிடம். இதை நம் இசை வரலாறுகள் கவனிப்பதே இல்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கே வந்து, தெற்கே தங்கி நாகசுரம் பயின்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. பெயரெடுத்த ஒரு கலைஞர் அந்த வயதில் சீவாளியை வாயில் வைத்துச் சரளி வரிசையிலிருந்து தொடங்குவது எளிதான செயல் அன்று. கேரளத்திலும் தமிழகத்திலும் நாலு வாரம் சுற்றிவிட்டு ‘இந்திய உணர்வு’ என்று தட்டு வெளியிட்டவர்களோடு அவரைச் சேர்க்க முடியாததற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு துளைக்கருவிகள்

மரியானோ எதை எதிர்கொண்டார் என்பதை அறிய இரண்டு கருவிகளையும் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாக்சபோன் ஒரு தொழிற்சாலைக் கருவி. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றை ரீடு, உலோகக் குழல், துளைகளை மூடித் திறக்கச் சாவிகள். விரல் துளையைத் தொடுவதில்லை, சாவியைத்தான் தொடுகிறது. ஆகவே சுரங்கள் படிக்கட்டுபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. உதட்டால் அவற்றை வளைக்கலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்.

நாகசுரத்தில் சாவி இல்லை. ஆச்சாமரத்தைக் கடைந்த குழல், கொருக்கை நாணலில் செய்த இரட்டை நாக்குச் சீவாளி, அடியில் அணசு. விரல்களுக்கு ஏழு துளைகள். கீழே உள்ள பிரம்மசுரத் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். விரல் துளையை முழுதும் மூடலாம், பாதி மூடலாம், தேய்த்தபடி நகர்த்தலாம். மூச்சின் அழுத்தமும் சீவாளியின்மேல் உதடு பிடிக்கும் இறுக்கமும் சேர்ந்தே சுரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழி முழுவதும் வாசிப்பவருக்குத் திறந்திருக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து நிற்பது இதனால்தான் சாத்தியமாகிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரிக்குப் பதில் நீண்ட பாரி நாயனத்தை நிலைநாட்டினார். சுருதி இறங்கியது, ஓசை கனத்தது. தோடி ஆலாபனையை அந்தக் கனத்தோடு கேட்க மக்கள் இரவு முழுவதும் உட்கார்ந்தனர்.

வேறொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ஜாஸ் மனோதர்மம் பெரும்பாலும் கார்டுகளின்மேல் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்மேல்) நடக்கிறது. கார்டுகள் ஒரு சுற்றாக மாறி மாறி வரும். கலைஞர் ஒவ்வொரு சுற்றிலும் புதிய மெட்டைக் கட்டுவார். தரை நகர்ந்துகொண்டே இருக்கும், அதன்மேல் அவர் நடக்க வேண்டும். நாகசுரத்திலோ தரை அசைவதே இல்லை. ஒத்து ஊதுபவர் ஆதார சட்சத்தைப் பிடித்திருப்பார். ராகம் அந்த ஒற்றைச் சுருதியைச் சுற்றியே விரியும். நகரும் தரையில் கமகம் நிலைகொள்ளாது. எந்தச் சட்சத்தைச் சார்ந்து அந்தக் காந்தாரம் அசைகிறது என்று காதுக்குப் புரியாமல் போய்விடும்.

ஜாஸ் இசையே 1959-இல் மைல்ஸ் டேவிசின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டுடன் கார்டு மாற்றங்களைக் குறைத்து, நீண்ட நேரம் ஒரே சுர வரிசையில் தங்கும் வழிக்கு வந்திருந்தது. 1961-இல் ஜான் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்றே ஓர் உருப்படியை வாசித்தார். மரியானோவுக்கு முன்பே வாசல் பாதி திறந்திருந்தது.

சிந்தசைசர் ஒத்து ஊதியபோது

நாகசுரத்தோடு ஐரோப்பாவுக்குப் போன மரியானோவுக்கு ஏற்ற இடம் கிடைத்தது ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் குழுவில். 1975-இல் பதிவாகி அடுத்த ஆண்டு இசிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தட்டில் மரியானோ சோப்ரானோ சாக்சபோன், ஷெனாய், நாகசுரம் மூன்றையும் வாசிக்கிறார். ரைனர் புரூனிங்ஹவுஸ் மின் பியானோவும் சிந்தசைசரும், யோன் கிறிஸ்டென்சன் டிரம்ஸ். வெபரின் மின் பாஸ் மீட்டிய பிறகும் நெடுநேரம் பாடிக்கொண்டே இருக்கும் தன்மையுடையது.

இந்தத் தட்டின் பின்னணி நாயனத்துக்கு ஏன் பொருந்துகிறது என்பதைத் தமிழ்க் காதுகள் எளிதாகக் கண்டுபிடிக்கும். கார்டுகள் மெதுவாக மாறுகின்றன. சில இடங்களில் மாறுவதே இல்லை. சிந்தசைசர் நீண்ட ஓசைப் பரப்பு ஒன்றை விரித்து வைக்கிறது. பெயர் எதுவானாலும் அது செய்யும் வேலை ஒத்துக்காரரின் வேலைதான். மின்னிசை நாட்டார் கருவியை நசுக்கும் என்பது பரவலான எண்ணம். இங்கே நடந்தது எதிர்மாறு. பியானோவின் துள்ளும் கார்டுகளுக்கு நடுவே வாழ முடியாத நாகசுரம், மின்சாரத்தில் நீளும் சுருதியின்மேல் வாழ இடம் பெற்றது.

மரியானோ தம் பெயரில் 1976-இல் வெளியிட்ட ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டு இன்னொரு வகை. அதில் கீபோர்டு வாசித்த யான் ஹம்மர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் புகழ் பெற்றவர். மூக் சிந்தசைசரில் சுருதியை வளைக்கும் சக்கரத்தை இடக்கையால் சுழற்றி, சுரங்களைக் கிட்டார்போல இழுத்துச் செல்வதில் அவர் கெட்டிக்காரர். சாவிப்பலகையின் படிக்கட்டிலிருந்து தப்பிக்க அந்தச் சக்கரம் ஒரு வழி. மரியானோவின் சீவாளி இன்னொரு வழி. இருவரும் ஒரே சிறையிலிருந்து வெவ்வேறு சுவர்களை உடைத்து வெளியே வருகிறார்கள் என்று இந்தத் தட்டைக் கேட்கலாம். ஆனால், இசை வேகமும் ஆரவாரமும் கூடியது. அந்த வேகத்தில் நாயனத்துக்கு நின்று பேச நேரமில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தட்டுகளில் மரியானோவின் நாகசுரம் பெரும்பாலும் நிறமாகவே வருகிறது. ஓசை நம்முடையது, சொற்றொடர் சாக்சபோனுடையது. தவில் இல்லை. ஆகவே நாகசுரத்தின் தாளப் பேச்சு முழுவதும் காணாமல் போய்விட்டது. நையாண்டி மேளம் கேட்டவர்களுக்கு இது உடனே தெரியும். மதுரை, தேனிப் பகுதி மேளத்தில் நாயனமும் தவிலும் பம்பையும் ஒன்றையொன்று சீண்டியும் விரட்டியும் போகும். அங்கே நாயனம் தனியாகப் பேசுவதில்லை, தவிலுக்குப் பதில் சொல்கிறது. அந்த உரையாடலிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து எடுத்துப் போனால் கிடைப்பது அவருடைய குரல். அவர் சொல்லவந்தது கிடைக்காது.

‘ஜோதி’: நாகசுரம் இல்லாத தட்டு

இந்தக் குறையை மரியானோவே அறிந்திருந்தார் என்று கருத ஒரு சான்று உண்டு. 1983-இல் அவர் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன் சேர்ந்து ‘ஜோதி’ என்ற தட்டைப் பதிவு செய்தார். ஆர். ஏ. ரமாமணி வாய்ப்பாட்டு, டி. ஏ. எஸ். மணி மிருதங்கம், உடன் கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். சிந்தசைசர் இல்லை, டிரம்ஸ் இல்லை, கார்டு இல்லை. தம்புராவும் தாளமும் மட்டும். நாகசுரம் பயின்ற ஒருவர் அதை வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

அங்கே அவர் நாகசுரம் வாசிக்கவில்லை. சாக்சபோனும் புல்லாங்குழலும்தான்.

ஐரோப்பிய மின்னிசைக்கு நடுவே நாயனம், தென்னிந்தியக் கலைஞர்களுக்கு நடுவே சாக்சபோன். மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைகீழ். கூர்ந்து கேட்டால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ரமாமணியின் குரலுக்கு அருகில் நாகசுரத்தை எடுத்தால், அதைப் பரம்பரையாக வாசிப்பவர்களோடு காது உடனே ஒப்பிடும். கற்றுக்குட்டி என்பது வெளிப்பட்டுவிடும். சாக்சபோனை எடுத்தால் நாற்பதாண்டு உழைப்பு அவருக்குப் பின்னால் நிற்கிறது. ‘ஜோதி’யில் அவர் ரமாமணியின் சுரங்களை நகல் எடுக்க முயல்வதில்லை. ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து, அதன் முனையை மெல்ல வளைத்து, குரலுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார். மிங்கசின் தட்டில் அழுத ஆல்டோ இங்கே அடங்கிக் கேட்கிறது.

நாகசுரப் பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு ‘ஜோதி’யே அத்தாட்சி. அந்தக் கருவியிடமிருந்து அவர் பெற்றது ஓசையைவிட, சுரங்களுக்கு இடையே உள்ள வழியைக் கேட்கும் பழக்கம். கருவியைக் கீழே வைத்த பிறகுதான் அந்தப் பாடம் அவருடைய வாசிப்பில் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய இசை வாழ்வில் நம் மரபோடு நடந்த உண்மையான சந்திப்பு எதுவென்று கேட்டால், ‘நாகசுரம்’ என்று உறையில் அச்சிட்ட தட்டுகளைவிட, அந்தச் சொல்லே இல்லாத இந்தத் தட்டைத்தான் காட்ட வேண்டும்.

எதிர்த்திசையில் வந்தவர்

இதே பாலத்தில் எதிர்த்திசையில் நடந்தவரைத் தமிழர்கள் நன்கு அறிவர். கத்ரி கோபால்நாத் 1949-இல் கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதியில் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு, தந்தையின் கருவியை விட்டு அதைப் பிடித்தார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். சாவிக் கருவியில் கமகம் கொண்டுவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் மேடையேறினார். 1994-இல் ஏ. ஆர். ரகுமான் இசையில் ‘டூயட்’ படத்துக்கு அவர் வாசித்த சாக்சபோன், கர்நாடக இசை அறியாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2004-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019 அக்டோபரில் மறைந்தார்.

அவருடைய ‘சாக்சபோன் இந்தியன் ஸ்டைல்’ தட்டு, அமெரிக்காவில் வளர்ந்த கன்னடக் குடும்பத்து இளைஞரான ருத்ரேஷ் மகந்தப்பாவின் கையில் கிடைத்தது. 2008-இல் இருவரும் சேர்ந்து ‘கின்ஸ்மென்’ தட்டை வெளியிட்டனர். ஏ. கன்னியாகுமரி வயலின், பூவாளூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாசி கிட்டார். இரண்டு ஆல்டோக்கள் ஒரே மெட்டை வாசிக்கும்போது ஒன்றில் நாகசுரக்காரர் வீட்டுக் காதும் மற்றதில் நியூயார்க் காதும் தெரிகின்றன. ஒரே கருவிதான், ஆனால் யார் வாசிக்கிறார் என்பதில் ஒரு நொடியும் குழப்பம் வராது. மகந்தப்பா அடுத்து 2011-இல் ‘சம்தி’ தட்டில் சாக்சபோனோடு மடிக்கணினியையும் மேடைக்குக் கொண்டுவந்தார். மிருதங்கமும் மின் கிட்டாரும் உடனிருந்தன. மரியானோ தொடங்கிய மின்னிசை வழி இங்கே வேறொரு கையில் தொடர்கிறது. இருந்தாலும் ‘சம்தி’யில் கணக்கு கூடிவிட்டது, மூச்சு குறைந்துவிட்டது. தாளச் சிக்கல்களை ரசிப்பவர்களுக்கு அது விருந்து. ராகம் நின்று மலர்வதை எதிர்பார்ப்பவர்கள் ‘கின்ஸ்மென்’னுக்கே திரும்புவார்கள்.

கத்ரியின் வெற்றியில் நெருடலான ஓர் உண்மையும் உண்டு. நாகசுரக்காரர் மகன் சாக்சபோனோடு சபாவின் முக்கியக் கச்சேரி நேரத்தில் அமர்ந்தார். அதே சபாக்களில் நாகசுரம் பெரும்பாலும் விழாவைத் தொடங்கிவைக்கும் மங்கல இசையாக, ஆட்கள் வந்து அமர்வதற்குள் முடிந்துவிடும். அயல்நாட்டுக் கருவிக்குக் கிடைத்த நாற்காலி, அது யாருடைய இசையை வாசித்ததோ அந்தக் கருவிக்கு எளிதில் கிடைக்கவில்லை. இது கத்ரியின் குற்றம் அன்று. ஆனால், ‘சாக்சபோன் கர்நாடக இசைக்கு வந்தது’ என்று எழுதுபவர்கள் இந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

பள்ளத்தாக்கில் மின்னிசை

மின்னிசையும் தமிழ் மண்ணின் ஓசையும் சந்திப்பது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. காமயகவுண்டன்பட்டி இருக்கும் அதே உத்தமபாளையம் வட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தட்டையும், 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ தட்டையும் தந்தார். மரியானோ கார்டுகளைக் குறைத்து நாயனத்துக்கு இடம் தேடினார். இளையராஜா கார்டுகளைக் குறைக்காமல், ராகத்தின் சுரங்களிலிருந்தே அவற்றைக் கட்டினார். இரண்டாவது வழி கடினமானது. அதற்கு எழுதப்பட்ட இசையின் துணை வேண்டும். மனோதர்மத்துக்கு இடம் குறையும்.

இன்று திருவிழா மேளக்குழுக்கள் சிலவற்றில் நாயனத்துக்குப் பக்கத்திலேயே கீபோர்டு வந்துவிட்டது. ஒத்துக்காரரின் இடத்தில் மின்சுருதிப் பெட்டி வந்து வெகுகாலம் ஆயிற்று. அதனால் நாயனத்தின் வாசிப்புக்குக் கேடு வரவில்லை, ஒத்து ஊதியவர்களின் பிழைப்பு போனதைத் தவிர. கீபோர்டு அப்படியல்ல. அது சினிமாப் பாட்டின் மெட்டை நாயனத்தோடு சேர்ந்து வாசிக்கிறது. கீபோர்டின் சுரங்கள் சமமாக வெட்டி வைத்தவை. அதோடு ஒத்துப்போக நாயனக்காரர் தம் சுரங்களை நேராக்க வேண்டியிருக்கிறது. அசைவைக் குறைக்கிறார், வழுக்கலை வெட்டுகிறார். சில இடங்களில் வெறும் சாவிக் கருவிபோலவே வாசிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது, ஏனென்றால் பாட்டு தெரிந்த பாட்டு. மரியானோ ஐம்பதாவது வயதில் இந்தியாவுக்கு வந்து தேடிய பொருள் எதுவோ, அது அந்த நேரத்தில் மேளத்திலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் கீபோர்டை விரட்ட வேண்டியதில்லை. ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தட்டில் புரூனிங்ஹவுஸ் செய்ததை மாணவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவர் மெட்டைத் துரத்துவதில்லை. நாயனத்துக்கு அடியில் சுருதியை நீட்டிப் பிடித்துவிட்டு, அது பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறார். மேளக்குழுவின் கீபோர்டுக்காரர் பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் அப்படிக் காத்திருந்தால், நாயனக்காரருக்கு ஓர் ஆலாபனைக்கு இடம் கிடைக்கும். அதற்குப் பதில் சொல்லத் தவிலும் அங்கேயே இருக்கிறது. மரியானோவுக்கு வாய்க்காத துணை அது.